பற்றரி வயருக்கு ரேமினல் பூட்டுவது எப்படி

(மீள்குடியேறிய கிராமங்களுக்கான வாகன மின்வேலைப் பயிற்சியின் முதல் நாளில் பயிற்றுநர் ஆற்றிய உரை. பயிற்சிக்கு வரமுடியாதவர்களும் வாசித்துச் செய்து பார்க்கக்கூடியதாக இங்கே தரப்படுகிறது.)

 

பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். உங்களில் பாதிப்பேர் வீட்டில் ஏதோ ஒரு வாகனம் இருக்கிறது. சிலருக்கு உழவு இயந்திரம், சிலருக்கு முச்சக்கர வண்டி, ஒருவருக்குப் பழைய லொறி. வருடக்கணக்காக மழையிலும் வெயிலிலும் நின்ற வாகனங்கள். எஞ்சினைத் திறந்து பார்த்து, எண்ணெய் மாற்றி, ரயர் போட்டு, கடன் வாங்கிப் புதுப் பற்றரியும் வாங்கிப் பூட்டியிருக்கிறீர்கள். பிறகு என்னிடம் வந்து சொல்வது ஒரே கதைதான்: "அண்ணை, லைற் நல்லா எரியுது, ஹோர்னும் அடிக்குது. ஸ்ராட்டர் மட்டும் டிக் எண்டுபோட்டு நிக்குது."

அடுத்த வேலையாக ஸ்ராட்டரைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறி ரவுணுக்குப் போவீர்கள். அங்கே காசு கொடுத்துத் திருத்திக்கொண்டு வந்து பூட்டினால் திரும்பவும் டிக். நான் பார்த்த அளவில் இப்படி நின்ற வாகனங்களில் பாதிக்கு மேல் ஸ்ராட்டரில் ஒரு பிழையும் இல்லை. பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த வயரின் நுனியில்தான் பிழை. பெருவிரல் அளவு செப்புத் துண்டு. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

லைற் எரிகிறது, ஸ்ராட்டர் சுற்றவில்லை என்றால் ஏன்? இரணைமடுத் தண்ணீர் வரும் வயல்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வாய்க்காலின் வாயில் குப்பை அடைத்துக் கிடந்தாலும் ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம். பத்து ஏக்கருக்குப் பாய்ச்ச முடியாது. முன் லைற் ஒன்று 55 வற்று என்றால் அதற்கு 12 வோல்ற்றில் 5 அம்பியர்கூட வேண்டியதில்லை. டீசல் உழவு இயந்திரத்தின் ஸ்ராட்டர் சுற்றும்போது 200, 300 அம்பியர், குளிர்ந்த எஞ்சின் என்றால் அதற்கும் மேலே இழுக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கெட்டுப்போன ஒரு பொருத்தில் 0.005 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (தடையின் அளவுக்குப் பெயர் ஓம். நாங்கள் தலையாட்டிச் சொல்லும் ஓம் அல்ல.) லைற்றின் 5 அம்பியர் அதற்குள்ளால் போனால் 0.025 வோல்ற்றுத்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. ஸ்ராட்டரின் 300 அம்பியர் போனால் 1.5 வோல்ற்று அந்த இடத்திலேயே போய்விடும். ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரியே 10 வோல்ற்றளவுக்கு இறங்கி நிற்கும். அதிலும் ஒன்றரை போனால் மிஞ்சுவது எட்டரை. போன ஒன்றரை எங்கே போகிறது? சூடாகிறது. 1.5 ஐ 300 ஆல் பெருக்குங்கள், 450 வற்று. ஒரு சின்ன அயன் பெட்டியின் சூடு பெருவிரல் அளவு இடத்தில். அதனால்தான் கெட்ட பொருத்துகளைச் சுற்றி வயரின் பிளாஸ்ரிக் உருகிக் கறுத்துப்போய் இருக்கும்.

இந்த வயருக்கு அநேகமான வாகனங்களில் பியூஸ் கிடையாது. இதையும் மனதில் வைத்திருங்கள். ரேமினலுக்குள்ளிருந்து வயர் கழன்று சேசிஸில் விழுந்தால் நிறுத்துவதற்கு எதுவுமில்லை. பற்றரியில் இருக்கும் முழுப் பலமும் அதற்குள்ளால் போகும், வாகனம் எரியும்.

வேலைக்குப் போகமுன் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். இதில் அவசரப்படமாட்டேன்.

ஒன்று, வயர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வீதியோரங்களிலும் கரையோரத்திலும் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். "அதுக்குள்ள நல்ல செப்பு வயர் கிடக்குது அண்ணை" என்று போன மாதமும் ஒரு தம்பி சொன்னார். கிடக்கலாம். அதற்குப் பக்கத்தில் மிதிவெடியும், சீற்றுக்குக் கீழே வெடிக்காத எறிகணையும் கிடக்கலாம். மிதிவெடி அகற்றும் பிரிவினர் துப்புரவாக்கி முடித்ததாக அறிவிக்காத இடத்தில் கிடக்கும் எந்த வாகனத்தையும் தொடாதீர்கள், கிட்டப் போகாதீர்கள். உங்கள் சொந்த வாகனமாக இருந்தாலும் அப்படித்தான். கிராம அலுவலரிடம் சொல்லி, இடம் துப்புரவான பிறகு எடுங்கள். பிள்ளைகளைப் பழைய இரும்பு பொறுக்க அனுப்பாதீர்கள். மூன்று மீற்றர் வயர் கடையில் வாங்கலாம்.

இரண்டாவது, பற்றரி. சார்ஜ் ஏறும்போதும், அதற்குப் பிறகு சிறிது நேரமும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். ஒரு பொறி போதும், பற்றரி வெடித்து அசிட் முகத்தில் அடிக்கும். ஆகவே வயரை வாகனத்திலிருந்து கழற்றித் தூரக் கொண்டுபோய் வேலை செய்யுங்கள். வாகனத்துக்குள் வைத்துப் புளோ லாம்ப் பிடிக்கவே கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியாக மைனஸ். காரணம் இதுதான்: பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பனர் பொடியில் தட்டினால் ஷோட். மைனஸ் ஏற்கனவே கழன்றிருந்தால் ஸ்பனர் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. கையில் மோதிரம், காப்பு, இரும்புப் பட்டி மணிக்கூடு இருந்தால் கழற்றி வையுங்கள். அக்காமார், குனியும்போது தொங்கும் சங்கிலி, தாலிக்கொடி எல்லாவற்றையும் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள். பற்றரியின் இரண்டு முனையையும் தங்கம் தொட்டால் அது சிவக்கச் சூடாகும். கழற்ற நேரம் இருக்காது.

மூன்றாவது, ஈயம். சொல்டர் ஈயத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கிறது. காரீயம் நஞ்சு, சின்னப் பிள்ளைகளுக்கு மிகக் கெடுதி. குசினிக்குள் உருக்காதீர்கள். உருக்கிய சட்டியைக் கழுவிக் கறிச்சட்டியாக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வையுங்கள்.

சரி, இனி வயர்.

பழைய வயரை வெட்டிப் பாருங்கள். நல்ல செப்பு பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கும். வெளியே பச்சை பூத்திருந்தால் பற்றரி அசிட் பட்டிருக்கிறது. உள்ளே கறுத்திருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. இந்தக் கறுப்பு இழைகளுக்கு நடுவால் பிளாஸ்ரிக்குக்கு உள்ளேயே ஏறிப்போகும். ஒரு அங்குலம் வெட்டிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்னுமொரு அங்குலம். ஒரு அடிக்கு மேலும் கறுப்புத்தான் என்றால் அந்த வயரை விட்டுவிடுங்கள். கறுத்த செப்பில் ஈயம் ஒட்டாது, நசுக்கினாலும் பிடி வராது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வயர்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். கடற்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வயர் உகந்தது. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சிலர் தேசிக்காயும் புளியும் போட்டுச் செப்பைத் தேய்க்கிறார்கள். குத்துவிளக்கு பளிச்சிடும், உண்மை. ஆனால் குத்துவிளக்கைக் கழுவித் துடைக்கலாம். நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவில் போன புளியைக் கழுவ முடியாது. அது உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். வயருக்குப் புளி வேண்டாம்.

புது வயர் வாங்கும்போதும் கவனம் தேவை. சில வயர்கள் பார்வைக்குச் செப்பு, உள்ளே அலுமினியம். கையில் எடுத்தால் பாரம் குறைவாக இருக்கும். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் நின்று பிடிக்காது, ஆட்டத்துக்கு இழை முறியும். எனக்கு நம்பிக்கையானது வெல்டிங் வயர். மெல்லிய இழைகள், வளைந்து கொடுக்கும், மேலுறையும் உறுதி.

தடிப்பு எவ்வளவு? மேலுறையோடு சேர்த்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலுறை தடிப்பாகவும் செப்பு மெலிவாகவும் இருக்கும் வயர்கள் சந்தையில் உண்டு. செப்பின் குறுக்குப் பரப்பைத்தான் சதுர மில்லிமீற்றரில் சொல்லுவார்கள். முச்சக்கர வண்டிக்கு 10 அல்லது 16 போதும். டீசல் உழவு இயந்திரத்துக்கு 35 க்குக் குறையாமல் போடுங்கள், பற்றரி தூரத்தில் இருந்தால் 50. லொறி, பஸ்ஸுக்கு 50, 70. கடைக்காரர் சொல்வதை நம்ப முடியாவிட்டால் இழையை எண்ணலாம். 0.4 மி.மீ. விட்டமுள்ள இழை ஒன்றின் பரப்பு 0.126 சதுர மி.மீ. அளவு. அப்படி 280 இழை இருந்தால் 35. பொறுமை இருந்தால் எண்ணுங்கள், நான் ஒருமுறை எண்ணியிருக்கிறேன். 35 வயரில் ஒரு மீற்றருக்கு 300 அம்பியரில் 0.15 வோல்ற்று குறையும். 16 வயரில் 0.3 க்கு மேல். காசு மிச்சம் என்று மெல்லிய வயர் போடுபவர் பிறகு பற்றரிக்கும் ஸ்ராட்டருக்கும் அந்தக் காசைக் கொடுக்கிறார்.

நீளத்தை வெட்டுமுன் பழைய வயரை வாகனத்திலேயே வைத்து, புதிய வயரை அதே பாதையில் ஓடவிட்டு அளவெடுங்கள். எஞ்சின் ஆடும், அதற்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். புகைக்குழாய்க்குக் கிட்டப் போகக்கூடாது. இன்னுமொன்றை எல்லோரும் மறப்பார்கள். இந்தத் தடிப்பு வயர் முறுகாது. இரண்டு நுனியிலும் ரேமினலின் தட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வாகனத்தில் வைத்தே பார்த்து, வயரின் மேல் சோக்கால் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்து பூட்டப்போகும்போது ஒரு முகம் வானத்தைப் பார்க்கும்.

வெட்டும் இடத்தில் ரேப் சுற்றி, நுண்பல்லுள்ள இரும்பு வாளால் நேராக அறுங்கள். உளியால் குத்தினால் நுனி நசுங்கி ரேமினலுக்குள் போகாது. ரேமினல் குழலின் ஆழத்தை ஒரு ஈர்க்கை விட்டு அளந்து, அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாக மேலுறையை உரியுங்கள். கத்தியை அழுத்தி இழைவரை இறக்காதீர்கள். முக்கால் தடிப்புவரை சுற்றி வெட்டி, வளைத்தால் மிச்சம் தானே பிரியும். வெட்டுப்பட்ட இழை அந்த இடத்திலேயே முறியும். நாலு இழை போனால் என்ன என்று கேட்காதீர்கள். ஆட்டத்தில் அடுத்த நாலும் போகும்.

இனி ரேமினலைப் பிடிக்கவைக்கும் வேலை. நசுக்கிப் பிடிப்பது ஒரு வழி, ஈயம் பிடிப்பது மற்ற வழி. எது நல்லது என்று கராச்சுகளில் நாள் முழுக்க வாதாடுவார்கள். என்னுடைய தீர்ப்பைச் சொல்கிறேன்: சரியான கருவி இருந்தால் நசுக்குவது. இல்லாவிட்டால் ஈயம். ஆனால் ஈயம் பிடித்த வயரை ஆடவிடக்கூடாது.

ஏன் என்பதற்கு என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பற்றரி வராது, பெற்றோல் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். பெற்றோலில் இரண்டு சொட்டு விட்டு எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடினோம். அந்தக் காலத்தில் கிறிம்ப் கருவி என்றால் நாங்கள் கண்டதில்லை. எல்லாம் ஈயம்தான், அதில் எனக்கு நல்ல கை. பிறகு வன்னிக்கு வந்த காலத்தில் ஒரு அக்கா தன்னுடைய உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கணவர் இல்லை. தம்பி ஒருவர் ஓட்டுவார், அந்த உழவுக் கூலியில்தான் நாலு பிள்ளைகளும் படித்தார்கள். பற்றரி வயர் போய்விட்டது. நான் புது ரேமினல் வைத்து, ஈயம் நன்றாக ஓடவேண்டும் என்று தகர வேலைக்குப் பாவிக்கும் அசிட் பூசி, நிறைய ஈயம் விட்டு, கண்ணாடி மாதிரிச் செய்து கொடுத்தேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

காலபோக மழை விழுந்து எல்லோரும் உழவுக்கு ஓடும் கிழமையில் அது முறிந்தது. ரேமினலுக்குள் அல்ல. ரேமினலிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மேலுறைக்கு உள்ளே. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெசின் வயலுக்கு நடுவில் நின்றது. தம்பி ஸ்ராட்டர் பிழை என்று கழற்றிக்கொண்டு போனார். ஸ்ராட்டர் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களில் உழவு கேட்டிருந்தவர்கள் வேறு மெசின் பிடித்துவிட்டார்கள். அக்கா என்னை ஏசவில்லை. "தம்பி, நல்லாத்தானே செய்து தந்தனீங்கள்" என்று மட்டும் கேட்டார்.

வயரை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். ஈயம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவால் இரண்டு அங்குலம் ஏறி, அந்தப் பகுதி ஒரு கம்பிபோல விறைத்துப் போயிருந்தது. விறைத்த பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் கோட்டில், எஞ்சினின் ஒவ்வொரு ஆட்டமும் அதே இடத்தை வளைத்து வளைத்து இழைகளை ஒவ்வொன்றாக முறித்திருந்தது. மிஞ்சியதை அசிட் அரித்திருந்தது. அந்தத் துண்டைத்தான் இப்போது உங்களிடம் கைமாற்றிக் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். இந்தப் பயிற்சிக்கெல்லாம் கொண்டுபோவது.

சரி, நசுக்கும் முறை. இந்த மேசையில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் கை அமுக்கி. வாயில் ஆறு பக்க அச்சுகள் மாற்றலாம், 16, 25, 35, 50, 70 என்று இலக்கம் அடித்திருக்கும். கைப்பிடியை அமுக்க அமுக்க அச்சு கூடும், பலசாலி தேவையில்லை. போன தடவைப் பயிற்சியில் மிகத் திறமான பொருத்துச் செய்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. அவர் அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

வயர், ரேமினல், அச்சு மூன்றும் ஒரே இலக்கமாக இருக்க வேண்டும். இழைகளைப் பிரியவிடாமல் ஒன்றாகத் திருகி, குழலின் அடிவரை தள்ளுங்கள். ஓட்டையுள்ள தட்டைப் பக்கத்துக்குக் கிட்ட முதல் நசுக்கு, வயர் பக்கமாக இரண்டாவது நசுக்கு. மாறிச் செய்தால் குழல் நீளும்போது வயரை வெளியே தள்ளும். அச்சு இரண்டும் முழுதாக முட்டும்வரை அமுக்குங்கள். சரியாக நசுங்கினால் உள்ளே இழைகள் வட்டமாக இருக்காது. தேன்வதைபோல ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் காற்றுப் போக வழியில்லாமல் ஒரே கட்டியாகிவிடும். காற்று இல்லாவிட்டால் ஈரமும் இல்லை, கறுப்பும் இல்லை. கறள் ஏறாத இந்த இறுக்கத்துக்காகத்தான் நசுக்குவதை மேல் என்கிறேன். குறட்டாலும் சுத்தியலாலும் தட்டையாக்குவது நசுக்குவதல்ல. தட்டையாக்கினால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி இருக்கும், அதற்குள்ளால் ஈரம் போகும்.

இரண்டு பக்கமும் செட்டைபோலத் தகடு பிதுங்கினால் அச்சு சிறிது. வயர் குழலுக்குள் சுற்றினால் அச்சு பெரிது. முதலாவது பொருத்தை எப்போதும் ஒரு துண்டு வயரில் செய்து, வைஸில் பிடித்து உங்கள் முழுப் பாரத்தோடு இழுங்கள். அசையக்கூடாது. பிறகு அதைக் குறுக்காக அறுத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து, உள்ளே பாருங்கள். ஒரு ரேமினல் வீண், ஆனால் புது இடத்தில் வாங்கிய ரேமினல் எப்படி என்று தெரிந்துவிடும்.

இந்தக் கருவி ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்கார அமைப்போ பொதுவில் வாங்கி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொருவரும் வாங்கும் பொருளல்ல. சுத்தியலால் அடிக்கும் அச்சும் கடையில் உண்டு. இரும்புப் பள்ளத்தில் ரேமினலை வைத்து மேலிருக்கும் மொட்டை முனையை அடித்து இறக்குவது. விலை மிகக் குறைவு. அதன் பிடி நடுத்தரம். இதைப் பாவித்தால் கொஞ்சம் ஈயமும் விடுவது புத்தி.

ஒரு கருவியும் இல்லாதவருக்கு ஈயம். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்தது 190 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். பிசின் வகைப் பேஸ்ட் மட்டும் பாவியுங்கள், தகரத்துக்குப் பூசும் அசிட் வேண்டாம். சிறிய சொல்டரிங் அயன் இதற்குக் காணாது. செப்பு அதன் சூட்டை எல்லாம் குடித்துவிடும், நீங்கள் அரை மணி நேரம் பிடிக்க மேலுறை உருகி ஓடும். புளோ லாம்ப் வேண்டும்.

ரேமினலின் வாய் மேலே பார்க்க, தட்டைப் பகுதியை வைஸில் பிடியுங்கள். இடையில் இரண்டு மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வைஸ் சூட்டை இழுத்துவிடும். உரித்த நுனியில் பேஸ்ட் பூசி, முதலில் வயரின் நுனிக்கு மட்டும் மெல்லிய ஈயம் ஏற்றி வையுங்கள். மேலுறை தொடங்கும் இடத்தில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றுங்கள். இந்த ஈரத்துணிதான் முக்கியம். அது மேலுறையையும் காப்பாற்றும், ஈயம் மேலே ஏறுவதையும் நிறுத்தும். நான் அந்த அக்காவின் வயருக்குச் செய்யாதது இதுதான்.

சுவாலையை ரேமினலின் வெளிப்பக்கத்தில் பிடியுங்கள், ஈயத்தில் அல்ல. ரேமினலே ஈயத்தை உருக்க வேண்டும். குழலின் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஈயம் நின்றதும் வயரை மெதுவாக இறக்குங்கள். விளிம்பில் ஈயம் எட்டிப் பார்க்கும். சுவாலையை எடுங்கள். இனி அசைக்கக்கூடாது, ஊதக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. பளபளப்பு மங்கி இறுகும்வரை கையை மேசையில் ஊன்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுகும் நேரத்தில் அசைந்தால் மேற்பரப்பு மணல்போலச் சொரசொரப்பாகும். அது செத்த பொருத்து, திரும்பச் சூடாக்கிச் செய்யுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கண்ணுக்குத் தெறிக்கும், ஆகவே துணி ஈரமாக இருக்கலாம், ஒழுகக்கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயம் மட்டும் பிடித்த வயரை ரேமினலிலிருந்து நாலு விரல் தூரத்துக்குள் ஒரு கிளிப் போட்டுப் பொடியோடு அல்லது எஞ்சினோடு கட்டுங்கள், பொருத்து எதனோடு சேர்ந்து ஆடுகிறதோ அதனோடு. அப்போது வளைவு அந்த இடத்தில் வராது. இன்னொரு விஷயம், ஈயப் பொருத்துக் கெட்டுச் சூடேறினால் ஈயமே உருகி வயர் கழன்று விழும். எஞ்சின் பிடிக்கவில்லை என்று ஸ்ராட்டரை நிமிடக்கணக்காக அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். பத்து விநாடி, பிறகு ஓய்வு.

மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு ஈரம் போகாமல் அடையுங்கள். ரேமினல் பூட்டமுன் அதை வயரில் கோத்துவிட வேண்டும், பிறகு போகாது. அது கிடைக்காவிட்டால் ரேப்பை இறுக்கி இழுத்து இரண்டு தரம் சுற்றலாம். வயர் உராயும் இடங்களில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டுங்கள்.

பூட்டும்போது: பற்றரித் தூண்கள் இரண்டும் ஒரே தடிப்பு அல்ல, பிளஸ் தடித்தது. பெரிய வகையில் அடிப்பக்கம் 19.5 மி.மீ., மைனஸ் 17.9. போகாத தலையைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், தூண் அடியில் வெடிக்கும். தலையின் வாயைக் கொஞ்சம் விரித்துப் போடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுங்கள், பற்றரியின் மூடித் துவாரங்களுக்குள் போகாமல். மைனஸ் வயர் பொடியைத் தொடும் இடத்தில் பெயின்ரையும் கறளையும் சுரண்டி இரும்பு வெளிக்கும்வரை தேய்க்க வேண்டும். பிளஸ் பக்கத்தைப் புதுசாக்கிவிட்டு இதை மறந்தவர்கள்தான் திரும்ப என்னிடம் வருகிறார்கள். எல்லாம் இறுக்கிய பிறகு மேலே வாஸ்லினோ கிறீஸோ பூசுங்கள், இறுக்குமுன் அல்ல.

சரிபார்க்க மல்ரிமீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ் தூணிலும் மற்றதை ஸ்ராட்டரின் பெரிய போல்ட்டிலும் பிடியுங்கள். தலையில் அல்ல, தூணிலேயே. ஒருவர் ஸ்ராட்டர் அடிக்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சில்லுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். அரை வோல்ற்றுக்குமேல் காட்டினால் அந்தப் பாதையில் பிழை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பொருத்தாகக் குறுக்கே வையுங்கள், ஒன்றில் 0.1 க்கு மேல் காட்டினால் பிழை அதில்தான். மைனஸ் தூணுக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையிலும் இதேபோலப் பாருங்கள், 0.3 ஐத் தாண்டக்கூடாது. மீற்றர் இல்லாதவர் ஸ்ராட்டர் பத்து விநாடி அடித்தபின் ஒவ்வொரு பொருத்துக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடிக்கும் இடம் கெட்ட இடம். தொட்டுப் பார்க்க அவசரப்படாதீர்கள்.

ஸ்ராட்டரைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இனி மேசையடிக்கு வாருங்கோ. ஆளுக்கு இரண்டு ரேமினல் இருக்கிறது. ஒன்று நசுக்குவதற்கு, ஒன்று ஈயத்துக்கு. செய்து முடித்ததை இழுத்துப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர், செய்தவர் அல்ல. நாளைக்கு வரும்போது வீட்டு வாகனத்தின் மைனஸ் வயரைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். அந்தக் கறுப்பு வயர்த் துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது?